இறங்காத கட்டைகள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் என்னிடம் கேட்டு வாங்குகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் கையிலிருந்து ரத்தம் எடுக்கும் லேப் பெண்மணி அவர். வலிக்காமல் குத்துவார் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஊசியக்கா என்று பெயர்.

சாப்பாட்டு நேரத்தில் லேபுக்கு வெளியே கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் மூலை உடைந்த ஒரு டேப்லெட், காதில் இயர்போன், இரண்டு கையும் திரையில். எட்டிப் பார்த்தேன். திரை நிறையக் கறுப்பு வெள்ளைக் கட்டைகள், இலவச பியானோ ஆப். என் காதுக்கு வந்ததெல்லாம் கண்ணாடியில் நகம் படும் டக்டக்தான். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் என்னால் இருக்க முடியாது. அந்தக் கெட்ட பழக்கம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

"என்ன பாட்டும்மா வாசிக்கிறீங்க?"

"யார் பாட்டும் இல்ல சார். நானே போட்டது."

"யாராவது கேட்டிருக்காங்களா?"

இயர்போனைக் கழற்றினார். "இல்ல சார். ரெண்டு வருஷமாச்சு. நான் மட்டுந்தான்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். பிசியோதெரபி ஹாலுக்கு யாரோ ஒரு பழைய பியானோவைக் கொடுத்திருக்கிறார்கள். நடக்கப் பழகும் நோயாளிகளுக்கு வாரம் ஒரு நாள் வாசிக்க ஆள் தேவை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இவர் ஏதோ துணிச்சலில் பெயர் கொடுத்துவிட்டார். வரும் புதன்கிழமை பதினோரு மணிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நிஜ பியானோவை அவர் தொட்டதே இல்லை.

"முன்னாடியே போய்த் தொட்டுப் பாக்கலாமே?"

"தொட்டு, கை சரியா வரலேன்னா அப்புறம் புதன்கிழமை அந்தப் பக்கமே போகமாட்டேன் சார். நீங்க கதை எழுதறவர்தானே? எழுதிக் குடுங்க. எப்படி ஆகுதுன்னு படிச்சுப் பாத்துட்டு, போறதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

என் கதைகளைப் படித்துத் தூங்கியவர்கள் உண்டு. படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வரப்போவதாக யாரும் சொன்னதில்லை.

2

முதல் தொடக்கம்: "அந்தக் கண்ணாடிச் சதுரத்துக்குள் ஒரு கடல் அலை

வேண்டாம். கடலைக் கூப்பிட்டால் கதை முழுகிவிடும்.

இரண்டாம் தொடக்கம்: "அவள் வாசிப்பதைப் பார்த்து அவள் கணவன் வாய்விட்டுச் சிரித்தான்." இது எனக்குப் பிடித்திருந்தது. கதைக்கு ஒரு வில்லன் கிடைத்துவிட்டான் என்று தெம்பாகப் போய்ப் படித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"எங்க வீட்டுக்காரர் சிரிக்கமாட்டாரு சார். அவருக்கு இது தெரியவே தெரியாது."

"ஒரே வீட்டுலயா?"

"ஒரே சோஃபாவுல. அவரு நியூஸ் பாப்பாரு, நான் பக்கத்துல உக்காந்து வாசிப்பேன். கேம் ஆடறேன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. ஒரு நாள், எத்தனாவது லெவல்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"நாப்பத்தொண்ணுன்னேன்."

இருவரும் சிரித்தோம். அவர்தான் முதலில் நிறுத்தினார். வீட்டுக்கு வந்து வில்லனை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வைக்க யாரும் கிடைக்கவில்லை. ஒரு நல்ல மனிதருக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அதை எப்படிக் கதையாக்குவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

3

ஒருவழியாக இரண்டு முடிவுகள் எழுதிக் கொண்டுபோனேன்.

முடிவு அ: அவள் உட்கார்ந்தாள். வாசித்தாள். ஹாலே எழுந்து நின்று கைதட்டியது.

"கதை விடாதீங்க சார்," என்றார். "அங்க பாதிப் பேருக்கு எழுந்து நிக்கவே முடியாது."

முடிவு ஆ: அவள் நன்றாகத்தான் தொடங்கினாள். மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டிய இடம் வந்தது. டேப் திரையில் ஒரு நேரத்தில் இரண்டு ஸ்தாயிதான் தெரியும். மிச்சத்துக்கு விரலால் இழுத்துத்தான் நகர்த்த வேண்டும். அவள் கை பழக்கதோஷத்தில் பியானோவின் கட்டைகளைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தது. மரம் எங்கே நகரும்? கைத்தடி ஊன்றி நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நாலைந்து விரலைச் சேர்த்து வைத்தால் அவருடைய டேப், பியானோ ஆப்பை மூடிவிட்டு முகப்புத் திரைக்கு ஓடிவிடும். அதனால் அவர் ஒரு கையில் மூன்று விரலுக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை. அவர் போட்ட இசை மொத்தமும் மூன்று விரல் இசை. இதை மாற்ற எங்கோ ஒரு செட்டிங் இருக்கும். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கதையில் இதற்கு இடமில்லை; விடவும் மனமில்லை.)

ஆ-வை அவர் இரண்டு முறை படித்தார்.

"இது நடக்கும் சார். கை தானாப் போயிடும்." தாளை நாலாக மடித்து வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்தார். "அப்ப நான் போகல."

நன்றாக எழுதிவிட்டோம் என்று அதுவரை பூரித்துக்கொண்டிருந்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இரண்டு வருட வாசிப்பை ஒரு பத்தியில் நிறுத்திவிட்டேன்.

4

திங்கட்கிழமை மதியம் ஹாலில் யாரும் இல்லாதபோது நானே உள்ளே போனேன். எனக்கு இசையில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஒரு வெள்ளைக் கட்டையில் விரல் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அழுத்தினேன். அது இறங்கியது. விட்டேன், ஏறியது. மெல்ல அழுத்தினால் மெல்லக் கேட்டது, ஓங்கி அழுத்தினால் அதிர்ந்தது. என் கதையில் எல்லா இடத்திலும் 'தொட்டாள்' என்றே எழுதியிருந்தேன். அவருடைய கண்ணாடித் திரையில் எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம்தான்.

லேபுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"இறங்குதும்மா! அழுத்தினாக் கீழ போகுது, விட்டா மேல வருது."

"எவ்வளவு இறங்குது?"

விரலை வைத்து, காற்றில் அளந்து என்னென்னவோ காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. என் கையை இழுத்து, முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடி, நடுவிரலால் அழுத்தி விட்டார்.

"இவ்வளவா?"

"அதைவிடக் கொஞ்சம் ஆழம்."

மறுபடி அழுத்தினார். கொஞ்சம் ஆழமாக. பிறகு மெல்ல. பிறகு அதைவிட மெல்ல. அவர் பார்வை என் மேல் இல்லை.

"இது எனக்குத் தெரியும் சார்," என்றார். "இருபது வருஷமா இதைத்தான் பண்றேன்."

[இதை நான் கண்டுபிடித்ததாக எழுதினால் நன்றாக இருக்கும். கண்டுபிடித்தது அவர்தான். நான் கையைக் கொடுத்தேன், அவ்வளவுதான்.]

பையிலிருந்து தாளை எடுத்தார். குழாய்களில் பெயர் எழுதும் பேனாவால் அ-வை அடித்தார். ஆ-வையும் அடித்தார்.

"மூணாவதா ஒண்ணு எழுதிக் குடுக்கட்டுமா?" என்றேன். ஆசை யாரை விட்டது.

"வேண்டாம் சார். தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருஷமா யாருமே கேக்கல. மொதமொத கேக்கறவங்க நான் வாசிச்சுக் கேக்கட்டும். நீங்க சொல்லிக் கேக்க வேண்டாம்."

சுருக்கென்றுதான் இருந்தது. அவர் வாசிப்பதை எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

புதன்கிழமை. பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வரக்கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

வேலைச் சீருடையில் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இங்க என்ன நடக்குது? எங்க வீட்டம்மா லேப்ல வேலை பாக்கறா. பதினோரு மணிக்குக் கட்டாயம் வாங்கன்னா. எதுக்குன்னு கேட்டாச் சொல்லமாட்டேங்கறா."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"உள்ள போய்ப் பாருங்க," என்றேன்.

அவர் கதவைத் தள்ளினார். முதல் சுரம் வந்தபோது அவர் கை இன்னும் கதவின் மேல்தான் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல பத்தி. அடித்துவிட்டேன்.]

வாக்குக் கொடுத்தது நான். நீங்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவர் கதவைச் சாத்த மறந்து நிற்கிறார்; அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க இடம் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.