தகர மறைப்பின் இரண்டு பக்கமும்

விடியுமுன்பே தொழிற்கூடத்தில் பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது. கறுப்பு மேல்மூடிகள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வந்தன. துணியைத் துடைப்பு மருந்தில் முக்கி, பிழிந்து, மூடியின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அழுத்தி இழுக்க வேண்டும். அச்சு எண்ணெய், கைரேகை, தூசி எதுவும் தங்கக் கூடாது. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்க வேண்டும். பார்ப்பதற்குள் அடுத்த மூடி வந்து இடிக்கும்.

துடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியை லைனில் நெட்டை என்று கூப்பிடுவார்கள். குட்டையானவர்களுக்குப் போட்ட பெல்ட்டில் குனிந்து குனிந்தே பாதி உயரம் தேய்ந்துவிட்டது என்று கேலியும் செய்வார்கள். பக்கத்து ஸ்டூலில் இருந்தவள் பாட்டுக்காரி. பெல்ட் சத்தத்தையும் மீறிப் பாடக்கூடியவள். சில வாரங்களாக அவள் பாடுவதில்லை. மூச்சை இழுத்தால் மருந்து நெடி மண்டைக்கு ஏறுகிறது என்றாள்.

டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டிக்கான மூடிகள் அவை. சந்தையில் இரண்டு கம்பெனிகள் ஒன்றை ஒன்று விழுங்கப் பார்த்தன. விளம்பரத்துக்கு விளம்பரம் நக்கலடித்துக்கொண்டன. ஆனால் இரண்டு பெட்டிகளும் பிறந்தது இந்த ஒரே கொட்டகையில்தான். நடுவில் ஒரு தகர மறைப்பு. இந்தப் பக்கம் நீல ஏப்ரன், அந்தப் பக்கம் மஞ்சள் ஏப்ரன். இரண்டு வேலையையும் எடுத்துச் செய்த முதலாளி ஒருவர்தான். நெட்டை நீல லைன். அவளுடைய அண்ணன் மனைவி மஞ்சள் லைன். ஒரே வீடு, ஒரே பஸ், வாசலில் இறங்கியதும் வேறு வேறு கதவு.

விடுமுறைக் காலம் நெருங்கும்போது மஞ்சள் பெட்டிக்காரன் விலையைக் குறைத்தான். நீலப் பெட்டிக்காரன் அதற்கும் கீழே இறங்கினான். செய்யும் செலவுகூடத் திரும்பாத விலை. பெட்டி வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் போதும், பிறகு அதில் ஓடும் ஆட்டங்களை விற்றுச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. அதுவரைக்குமான நட்டத்தில் ஒரு பங்கை முதலாளியின் தலையில் கட்டினார்கள். முதலாளி அதை நெடுநாள் சுமக்கவில்லை.

கூலி குறைந்தது. பெல்ட் வேகம் கூடியது. எந்த லைன் முந்துகிறதோ அதற்கு மட்டும் ஊக்கத்தொகை என்று பலகையில் எழுதினார்கள். பழைய ஸ்பிரிட் காய நேரமாகிறது என்று புது மருந்து வந்தது. துடைத்த கையோடு காய்ந்துவிடும். பளபளப்பில் தூசி ஒட்டுகிறது என்று மின்விசிறிகளையும் நிறுத்தினார்கள்.

சூப்பர்வைசருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்திருந்தார்கள். கழுத்தில் அதைத் தொங்கவிட்டபடி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்.

“மஞ்சள் லைன் உங்களைத் தாண்டிப் போயாச்சு! மூடியைத் துடைக்கறீங்களா, கன்னத்துல பவுடர் பூசறீங்களா?”

வெறும் சொல்தான். ஆனால் அது வீடு வரைக்கும் கூட வந்தது.

“உங்க லைன் பேயா ஓடுது. அதைக் காட்டித்தான் எங்க கூலியில கை வைக்கறாங்க” என்றாள் நெட்டை, அடுப்பு முன் நின்றபடி.

“எங்களுக்கு உங்க லைனைக் காட்டறாங்க. நான் மட்டும் ஆசைப்பட்டா ஓடறேன்?” அண்ணி திரும்பியவள் அப்படியே நின்றாள். “ஏய்! கையை எடுடி!”

நெட்டை இரும்புச் சட்டியை வெறுங்கையால் பிடித்திருந்தாள். தோல் தீயும் வாசனை வந்தது. அவள் சட்டியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளை நடுங்க வைத்தது.

அண்ணி அவள் கையைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும் அப்படித்தான்” என்றாள் பிறகு. “புள்ளைக்குச் சட்டை பட்டன் போட வரலை. அவனே போட்டுக்கப் பழகட்டும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிச் சமாளிச்சேன். உங்களுக்கும் அந்தத் தித்திப்பு நெடி மருந்துதானா?”

“அதேதான் அண்ணி.”

அந்த வாரத்திலேயே பாட்டுக்காரி ஸ்டூலிலிருந்து எழுந்தவள் சாக்கு மூட்டை போலச் சரிந்தாள். “காலு எங்கேன்னு தெரியலை நெட்டை” என்றாள் தரையில் கிடந்தபடி. ஸ்டாப்வாட்ச் பெல்ட்டை நிறுத்தவில்லை. நெட்டையும் இன்னொருத்தியும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் உள்ளங்காலில் ஊசியால் அழுத்தினார். “குத்தறது தெரியுதா?”

“எப்போ குத்தப் போறீங்க?” என்றாள் பாட்டுக்காரி.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. நரம்பு கெட்டிருக்கிறது, அந்த மருந்தைவிட்டு உடனே விலக வேண்டும், விலகினால் மெல்லத் தேறலாம், அதுவும் உறுதியில்லை என்றார்.

மறுநாள் நெட்டையும் நீல லைன் பெண்கள் சிலரும் மாடி அறையில் முதலாளியின் முன் நின்றார்கள். அவர் மேஜையில் இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“அவளுக்குச் சர்க்கரை இருக்கும்மா. இல்லேன்னா சத்துக் குறைவு.”

“எனக்கும் விரல் மரத்துப் போச்சு சார். இவங்களுக்கும். எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா சர்க்கரை வரும்?”

“சரி, பழைய மருந்துக்கே போறேன். உற்பத்தி பாதியாகும். ஆர்டர் வேற ஊருக்குப் போகும். அப்புறம் என்ன பண்ணுவீங்க? ஒவ்வொரு பெட்டியும் நட்டத்துக்கு விக்குது, தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். அவங்க நட்டத்தை உங்ககிட்ட தள்ளினாங்க. நீங்க எங்க விரலுக்குத் தள்ளினீங்க. நாங்க யார்கிட்ட தள்ளறது சார்?”

முதலாளி எழுந்தார். ஜன்னலுக்குக் கீழே ஓடும் மஞ்சள் லைனைக் காட்டினார். “நீங்க நின்னா நில்லுங்க. அவங்க ஓடுவாங்க. உங்க சீட்டுல நாளைக்கே வேற ஆள் உக்காரும்.”

அன்று பஸ்ஸில் நெட்டை அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “நாளைக்கு நாங்க வேலையிலேர்ந்து கையை எடுக்கப் போறோம். நீங்க ஓடினா நாங்க தொலைஞ்சோம்.”

அண்ணி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “பேசிப் பாக்கறேன். பாதிப் பேரு வீட்டுல ஒருத்தர் சம்பளம்தான். பயப்படறாங்க. எனக்கும் பயம்தான். வாக்கு குடுக்க முடியாதுடி.”

காலையில் பெல்ட் ஓடியது. நீல ஏப்ரன்கள் எல்லோரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். யாரும் துணியைத் தொடவில்லை. மூடிகள் வந்தன, கடந்தன, கடைசியில் குவிந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தரையில் விழுந்து தெறித்தன. ஸ்டாப்வாட்ச் கத்தினார். பிறகு பெல்ட்டை நிறுத்திவிட்டுக் கெஞ்சினார். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“கேக்குதா?” என்றார், மறைப்பின் பக்கம் கையை நீட்டி. “அங்க வேலை நடக்குது.”

கேட்டது. மஞ்சள் பெல்ட்டின் இரைச்சல் தகரத்தை அதிர வைத்துக்கொண்டிருந்தது. ஒருத்தி விசும்பினாள். இன்னொருத்தியின் கை தானாகத் துணியின் பக்கம் போனது. நெட்டை அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தொடுவது இருவருக்குமே சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் விடவில்லை.

முதலாளி புதிய ஆட்களை வரச் சொல்லிப் போனில் பேசத் தொடங்கினார். பாதிப் பேச்சில் நிறுத்தினார். அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை கொட்டகை முழுக்கப் பெரிதாகக் கேட்டிருந்தது.

மறைப்புக்கு அந்தப் பக்கம் இரைச்சல் நின்றிருந்தது.

தகரத்தின் ஓரம் கிறீச்சென்று வளைந்தது. முதலில் அண்ணி வந்தாள். பின்னால் மஞ்சள் ஏப்ரன்கள், ஒருவர் பின் ஒருவராக, ஓரத்தில் உரசாமல் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி. சிலர் வரவில்லை. வந்தவர்கள் நீல ஏப்ரன்களுக்கு நடுவே இடம் தேடி, மூடிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள்.

“தாமதமாயிடுச்சு” என்றாள் அண்ணி. “பேசிப் பேசித் தொண்டை போச்சு.”

நெட்டை ஸ்டூலிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். “சரி. யாராவது ஒருத்தர் மேல வாங்க. பேசலாம்.”

“ஒருத்தரைக் கூப்பிட்டு என்ன பேசுவீங்கன்னு தெரியும் சார்” என்றாள் அண்ணி. “பழைய மருந்து வரணும். ஃபேன் ஓடணும். பாட்டுக்காரி வைத்தியச் செலவு உங்களோடது. இதை எல்லாரும்தான் வந்து பேசுவோம்.”

“இத்தனை பேருக்கு அங்க இடம் இல்லம்மா.”

“நாங்க நின்னுக்கறோம்.”

எழுந்தார்கள். மாடி அறைக்கு இரும்புப் படிகள். பலருக்கு உள்ளங்காலில் படி தட்டுப்படவில்லை. எங்கே மிதிக்கிறோம் என்று கண்ணால் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டியிருந்தது. கையோடு கை கோத்துக்கொண்டு, கீழே இருப்பவள் மேலே இருப்பவளின் இடுப்பைத் தாங்க, நீலமும் மஞ்சளும் கலந்து மெதுவாக ஏறினார்கள். மேலே கதவு இன்னும் சாத்தித்தான் இருந்தது. அவர்கள் அவசரப்படவில்லை.