கைமாறிப் போன ரவிக்கைத் துணி

எங்கள் அமெரிக்க ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் ரவிக்கைத் துணிக்குச் சாவே கிடையாது. நவராத்திரிக்கு ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்கள். நாம் அதைப் பிரிக்காமலே அடுத்த வீட்டுக்காரிக்கு வைத்துக் கொடுப்போம். தைக்க டைலர் இல்லை, தைத்தாலும் போட்டுக்கொள்ள நாள் இல்லை. ஊரெல்லாம் சுற்றிவிட்டு நம் வீட்டுக்கே திரும்பி வந்த துணிகளைப் பார்த்து நாங்களே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். 2007-க்குப் பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

அந்த வருஷம் நான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் டீச்சர். என் கணவர் கிட்டுசாமி வேலை பார்த்தது ஸ்ரீநிவாசன் என்பவருடைய கம்பெனியில். எங்கள் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டதும் அவர் கம்பெனிதான்; அது கிடைப்பதும் போவதும் அவர் கையில் இருந்தது. அவர் மனைவி அனந்தலக்ஷ்மி. மகள் வெண்பா என் வகுப்பில் படித்தாள். அந்த வீட்டில் நாகமணி அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும். "தூரத்துச் சொந்தம், தொணைக்கு வந்திருக்கா" என்பாள் அனந்தலக்ஷ்மி. மூன்று வருஷமாக அந்தச் சொந்தம் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வெண்பாவின் வீட்டுப்பாடத்தில் இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்று கோழி கிளறியது. இன்னொன்று அழுத்தி அழுத்தி, பேப்பர் கிழிகிற மாதிரி எழுதியது.

"இது யாரு எழுதினது?" என்று கேட்டேன்.

"நாகமணி ஆன்ட்டி. ஷி நெவர் வென்ட் டு ஸ்கூல்" என்றாள் வெண்பா.

அன்றிலிருந்து பாடத் தாளில் வெண்பாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என இரண்டு ஜெராக்ஸ் கொடுத்தனுப்பினேன். சிவப்பு மையில் நான் திருத்திய தப்பு அக்காவின் தாளில் மறுவாரம் வராது. வெண்பாவுக்கு அதே தப்பு மறுவருஷமும் வரும். ஆறு மாதத்தில் அக்கா வாக்கியம் எழுதினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இவ்வளவு ஆசையாகப் படிக்கிறவர் ஏன் ஒருநாள்கூட வகுப்புப் பக்கம் வரவில்லை? அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

நவராத்திரி இரண்டாம் நாள் அனந்தலக்ஷ்மி வீட்டுக் கொலுவுக்குப் போனேன். தாம்பூலப் பை கொடுத்தது நாகமணி அக்கா. பையோடு சேர்த்து என் கையையும் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், இந்தப் பச்சத் துணிய நீங்களே தச்சுப் போட்டுக்கோணுங்க. ஆருக்கும் குடுத்துராதீங்க."

"கண்டிப்பா தச்சுக்கறேங்க்கா" என்றேன். மறுநாள் பக்கத்துத் தெரு வசந்தாமணி என் வீட்டுக்கு வந்தாள். மேலாக இருந்த பச்சைத் துணியை எடுத்து வைத்துக் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம், இன்னொரு சிநேகிதி கலாவதி கொடுத்த பையில் அதே பச்சைத் துணி என்னிடமே திரும்பி வந்தது. "பாருங்க, வந்துருச்சு!" என்று என் கணவரிடம் சிரித்துக்கொண்டே உதறினேன். உள்ளே ஊக்கு குத்திய ஒரு தாள் இருந்தது. என் பள்ளி ஜெராக்ஸ். பின்பக்கம் நாகமணி அக்காவின் அழுத்தமான எழுத்து.

'டீச்சர், நான் இவங்க சொந்தம் இல்லை. வேலைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. மூணு வருசமாச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட்டு சாமி ரூம் பீரோவில. வாசலத் தாண்டினா போலீஸ் புடிக்கும்னு சொல்றாங்க. பூசை முடிஞ்சதும் என்னை ஹூஸ்டன்ல இவங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. அங்க வெண்பா இல்லை. எழுத்தும் இல்லை. என்னைக் கூட்டிட்டுப் போங்க.'

தாளில் இரண்டு விதமான மடிப்பு இருந்தது. முதல் மடிப்பின் ஓரத்தில் யாரோ விரலின் குங்குமம். அக்காவே ஊக்குக் குத்தியிருந்தால் மடிப்பு மாறியிருக்காதே. கடிதத்தைப் பிரித்துப் படித்த ஒருத்தி, தாள் விழுந்துவிடக் கூடாதே என்று பத்திரமாகக் குத்தி, அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒருத்தியா, நாலு பேரா, தெரியவில்லை.

வசந்தாமணிக்குப் போன் செய்தேன். "நான் குடுத்த பச்சத் துணி..." என்று ஆரம்பிப்பதற்குள், "நான் எந்த லெட்டரும் பாக்கலீங்க சாந்தி" என்றாள். வைத்துவிட்டாள்.

கிட்டுசாமி தாளைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். "கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணி மூணு மாசந்தான் ஆகுது. ஆறு மாசம் ஆயிட்டா வேற கம்பெனிக்குப் போயிக்கலாம். ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கோ சாந்தி."

"அதுக்குள்ள அக்கா ஹூஸ்டன் போயிருவாங்களே?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கை அவருக்கு முன்னால் நானே மனசுக்குள் போட்டு முடித்திருந்தேன்.

மறுநாள் விஜயதசமி. குழந்தைகளைத் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுத வைப்பது, வருஷாவருஷம் அனந்தலக்ஷ்மி வீட்டில்தான். டீச்சர் நான்தான். வசந்தாமணி, கலாவதி எல்லோரும் பட்டுப்புடவையில் இருந்தார்கள். சுண்டல் கிண்ணத்தை நீட்டிய நாகமணி அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்து ஓரத்தில் ஒரு பழைய பெட்டி, கயிறு கட்டித் தயாராக இருந்தது.

கடைசிக் குழந்தை எழுந்ததும் சொன்னேன்: "நாகமணியக்கா, வாங்க. நீங்களும் எழுதுங்க."

அனந்தலக்ஷ்மி சிரித்தாள். "அவளுக்கு எங்கீங்க எழுதத் தெரியும்?"

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அரிசியைத் தடவிச் சமமாக்கினார். நிதானமாக, அழுத்தி, ஒரே வார்த்தை எழுதினார். 'போறேன்.'

கூடத்தில் எல்லோருக்கும் தமிழ் படிக்கத் தெரியும். கலாவதி கண்ணை மூடிக்கொண்டாள். வசந்தாமணி கொலுப் பொம்மைகளை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்பா மட்டும்தான் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "சாந்தி, கிட்டுசாமி ஃபைல் எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?" என்றாள் அனந்தலக்ஷ்மி. குரலை உயர்த்தக்கூட இல்லை. அக்கா பெட்டியை எடுக்கவில்லை, செருப்பும் போடவில்லை. வெறுங்காலோடு வாசலைத் தாண்டி என் காரில் ஏறினார்.

ட்ரென்டனில் ஒரு பெண்கள் காப்பகத்தின் முகவரியை முந்தின ராத்திரியே தேடி எடுத்து வைத்திருந்தேன். பாதி வழியில் அக்கா கேட்டார்: "டீச்சர், லெட்டர எப்பப் படிச்சீங்க?"

"நேத்துங்க்கா."

"அப்ப அத்தன நாளும் அது எங்க இருந்துச்சு? ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் நீங்கதான்னு கதவுகிட்டப் போயிப் போயி நின்னேனே."

"பிரிக்காம வசந்தாமணிக்குக் குடுத்துட்டேங்க்கா."

அதற்குப் பிறகு சிவப்பு விளக்குகளில் வண்டி நிற்கும்போதெல்லாம் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்ரீநிவாசன் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார்; எங்கள் கிரீன் கார்டு போனது. இன்னொரு கம்பெனியில் முதல் படியிலிருந்து வரிசையில் நிற்கிறோம். அக்காவுக்கு வக்கீல் கிடைத்து, விசா கிடைத்து, நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார். இங்கிலீஷும் படிக்கிறாராம். இரண்டு வருஷமாகியும் தெருவில் கார் சத்தம் கேட்டால் நான் எழுந்து கதவருகே போய்விடுகிறேன். யாரும் வருவதில்லை.

நவராத்திரிக்கு மட்டும் அக்காவிடமிருந்து தபாலில் ஒரு பச்சை ரவிக்கைத் துணி வரும். என் முகவரியை அவரே இங்கிலீஷில், அழுத்தி அழுத்தி எழுதியிருப்பார். இந்த வருஷமும் வந்தது. வாசலிலேயே நின்று பிரித்து உதறினேன். உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை உதறிப் பார்த்தேன்.