பச்சைத் தண்ணீர்

மாயகிருஷ்ணன் கழுத்துக் கட்டி ஆபரேஷனில் பேர் பெற்ற மதுரைப் பேராசிரியர். தைராய்டு புற்றுநோயைப் பற்றிப் பல வருடங்களாக ஆராய்ச்சி செய்கிறவர். அடுத்த வாரம் சென்னை மாநாட்டில் அவர் வாசிக்க இருந்த கட்டுரையில், தான் ஆபரேஷன் செய்த ஒருவருக்குக்கூடக் குரல் போகவில்லை என்று எழுதியிருந்தார். குரல் நரம்பு கட்டியை ஒட்டியே போகும். கத்தி கொஞ்சம் பிசகினாலும் போச்சு. அதனால் அது சாதாரணப் பெருமை இல்லை.

கோவில்பட்டிக்கு ஒரு முகாமுக்காக வந்தவர், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பாண்டியம்மாளையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காரை அங்கே விடச் சொன்னார். நோய் முற்றிய நிலையில் அவரிடம் வந்து ஆபரேஷனில் பிழைத்தவள் அவள். மாநாட்டில் காட்ட அவளைப் போட்டோ எடுக்க வேண்டும்.

முந்தின நாள் பருவம் தப்பிய மழை. கார் தார் ரோட்டிலேயே நின்றது. செருப்பில் கரிசல் மண் அப்ப, மிளகாய்ப் புஞ்சையின் வரப்பில் நடந்தார். பாண்டியம்மாளின் புருஷன் நல்லக்கண்ணு ஓடிவந்தார்.

“டாக்டரய்யாவா! இம்புட்டுத் தூரம் நடந்தா வாரீய? சொல்லி விட்டா நாங்க வந்திருப்போம்லா.”

“பாண்டியம்மாள் எங்கே?”

“அந்தா, கடைசியில பழம் பறிக்கா.” அவர் கையைக் குவித்து, “ஏட்டி, டாக்டரய்யா வந்திருக்காவ!” என்று கூவினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதில் குரல் இல்லை. அந்த நேரம் பார்த்து இரண்டு வெள்ளாடுகள் செடிக்குள் தலையை நீட்டின. அவள் தூக்குச்சட்டி மூடியைக் கல்லால் தட்டிக்கொண்டே ஓடினாள்.

“சத்தம் போட்டு விரட்ட வேண்டியதுதானே?” என்றார் டாக்டர்.

பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த கற்பகம் சிரித்தாள். “அவளுக்கு ஏது சார் சத்தம்? முன்னால இவ வாயத் திறந்தா ரோட்டுல போற பஸ்ஸு நிக்கும். இப்ப சண்டையில நாங்கள்லா ஜெயிக்கோம்.”

“எப்போ இருந்து?”

“ஆபரேஷன்ல இருந்துதான்,” என்றார் நல்லக்கண்ணு.

மாயகிருஷ்ணனுக்குக் காது சூடேறியது. பரிசோதனைக்கு அவள் தவறாமல் வந்திருக்கிறாள். “எப்படிம்மா இருக்கே?” என்று கேட்டால், வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு, “நல்லாருக்கேன்யா” என்று முணுமுணுப்பாள். டாக்டர் முன்னால் இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள். மீதியைப் புருஷன் சொல்லுவான். வெளியே கூட்டம் நிற்கும். தொண்டைக்குள் கண்ணாடி வைத்துப் பார்க்காமலே, குரல் சரி என்று எழுதியிருந்தார். இன்னும் எத்தனை பேருக்கு அப்படி எழுதினோம் என்று நினைக்கவே கூசியது.

பாண்டியம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

“ஏம்மா என்கிட்ட சொல்லலை?”

அவள் மண்ணைப் பார்த்தாள். காற்றோடு காற்றாகக் குரல் வந்தது. “திட்டுவியளோன்னுதான்யா. வெந்நிதான் குடிக்கணும்னு நர்சம்மா சொன்னாவ. தாகம் தாங்காம பச்சத்தண்ணி குடிச்சுட்டேன். அன்னைக்கு அடைச்சது.”

“தண்ணியால இல்லம்மா. ஆபரேஷன்ல நரம்பு அறுபட்டிருக்கும். என் கை செஞ்ச தப்பு.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கற்பகத்திடம் திரும்பினாள். “பாத்தியாட்டி, நான் தண்ணி குடிச்சதையும் அவியளே தலையில போட்டுக்கிடுதாவ.”

நல்லக்கண்ணு கும்பிட்டார். “இந்த மனசு யாருக்குய்யா வரும்? உசுரக் குடுத்த கை தப்பு செய்யுமா?”

“நிஜமாத்தான் சொல்றேன்,” என்றார் டாக்டர். அவர்கள் இன்னும் பணிவாகச் சிரித்தார்கள். மதுரைக்கு வந்தால் குரலுக்கு ஏதாவது செய்ய முடியுமா பார்க்கிறேன் என்றார். “மொளகாப் பழம் பறிக்க வாயா வேணும்?” என்று பாண்டியம்மாள் ஒரு பை பழத்தை அவர் கையில் திணித்தாள். போட்டோ எடுக்க அவருக்குக் கை வரவில்லை.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து சென்னைக்கு, மாநாட்டுக்காரர்களுக்குப் போன் போட்டார். கட்டுரையை வாசிக்கப் போவதில்லை என்றார்.

“ஏன் சார்? முதல் நாளே உங்க பேரைத்தானே போட்டிருக்கோம்?”

புஞ்சையில் சொன்னதை இவர்களிடம் சொன்னால் உடனே நம்புவார்கள். நாளைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

“காய்ச்சல்,” என்றார். “ரெண்டு நாளா விடலை.”

“அடடா, உடம்பைப் பாத்துக்கோங்க சார். அடுத்த மாநாட்டுக்கு வச்சுக்கலாம்.”

சரி என்று சொல்லிவிட்டு வைத்தார்.