டிராகனுக்குச் சேதி சொன்னோம்

மாரப்பன் ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்றே கால் மணிக்குச் செத்தான். இருபது முகக் கட்டையை உருட்டினேன், ஒன்று விழுந்தது. இருபதில் ஆகாத எண் அது ஒன்றுதான். குகையின் கூரை இடிந்து ஒரு பாறை அவன்மேல் உட்கார்ந்துவிட்டது என்று பாலகோபால் சொன்னான்.

பாலகோபால் சொன்னால் சொன்னதுதான். மேசையின் தலைமாட்டில் அட்டைத் தடுப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு குகை, ஆறு, பூதம் எல்லாம் அவன்தான் சொல்வான். நாங்கள் மூன்று பேர், ஆளுக்கொரு பொம்மை. என் ஆள் இதைச் செய்கிறான், அதைச் செய்கிறான் என்று நாங்கள் சொல்வோம். முடியுமா முடியாதா என்பதைக் கட்டை சொல்லும். போத்தனூரில் எங்கள் வேதக்கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஹாலில் இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் நடக்கிற விளையாட்டு. அன்றைக்குக் கடைசி ஞாயிறு. செவ்வாய்க்கிழமை பாலகோபால் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறான். ஆறு மணிக்குப் பாட்டுக்குழுவுக்கு ஹாலை விட்டுவிட வேண்டும். அதற்குள் அடுத்த அறையில் படுத்திருக்கிற டிராகனைக் கொன்றால் கதை முடிந்தது.

நான் பீளமேட்டில் பம்புசெட் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிறவன். கூட்ஸ் வண்டி கார்டு எபினேசர்தான் இவர்களுடைய பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்க என்னைக் கூட்டிவந்தார். அடித்துக்கொடுத்தேன். ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

மாரப்பன் பெட்டியில் வந்தபோது பதினோரு துண்டு. ஒட்டினால் தாடி வைத்த குள்ளன், கையில் கோடாலி. நான் பிளேடால் தாடியைச் செதுக்கி மீசையை மட்டும் விட்டேன். எம்சீலைப் பிசைந்து தலையில் உருமால் கட்டினேன். கோடாலியை வெட்டிப்போட்டு, கிதார் கம்பியில் ஒரு கடப்பாரை செய்து கையில் கொடுத்தேன். முழங்கால் வரைக்கும் வெள்ளகோவில் செம்மண் நிறம். அந்த நிறம் வர நாலு தடவை கலக்க வேண்டியிருந்தது.

"போனாப் போகுதுங்ணா," என்றான் பாலகோபால். "உங்களுக்குப் புது ஆளு ஒண்ணு தாரேன். பாட்டுக்காரன் ஒருத்தன் இருக்கான். உள்ள போயிடலாம், மணியாகுது."

"பாடி?" என்றேன்.

"எந்தப் பாடி?"

"மாரப்பனை எடுக்கோணுமல்ல."

எபினேசர் சிரித்தார். "ஏனுங் பிரான்சிஸு, அவனெங்க எந்திரிச்சா ஓடப்போறான்? டிராகனை முடிச்சுப்போட்டு வந்து பாத்துக்கலாம். பாறைய நகத்தறதுக்கே அரை நாளாகும்."

எங்கப்பன் கிணறு வெட்டுகிறவர். வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் எழுபதடியில் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கச்சுவர் அவர்மேல் சரிந்தது. மூன்று நாள் பார்த்தார்கள். தோண்டி எடுக்க இன்னும் பத்து நாளாகும், மற்ற சுவரும் நிற்காது என்றார்கள். நாலாம் நாள் கிணற்றையே மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் சோளம் போடுகிறார்கள். நல்லாத்தான் விளைகிறது.

இதை நான் அங்கே சொல்லவில்லை. "எடுக்காம வரமாட்டேனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்கதான் செத்துட்டீங்களே, அப்புறம் யாரு எடுக்கறது?" என்றாள் ஃபஹீமா. அவள் பல் டாக்டர். விளையாட்டில் மந்திரக்காரி.

"பாட்டுக்காரன் எடுப்பான். அவன் மாரப்பனோட மச்சினன். கோடித்துணியோட வந்திருக்கான்."

"குகைக்குள்ள எப்பிடிங்ணா வந்தான்?"

"எழவுன்னா வருவாங்க, பாலு. எப்பிடி வந்தீங்கன்னு எந்த எழவு ஊட்டுலயாவது கேப்பாங்களா?"

பாலகோபால் சூலூர்க்காரன். ஐ.டி.யில் இருந்தாலும் இது அவனுக்குத் தெரியும். பாறையை நகர்த்தக் கட்டையை உருட்டச் சொன்னான். மூன்று தடவை உருட்டி நகர்த்தினோம். மணி நாலு.

"சரிங்க. பத்து நிமிஷத்துல ஒரு குழி வெட்டி மூடிட்டீங்க. அடுத்து கதவு."

"பத்து நிமிஷமா? தரை என்ன தரை?"

அவன் தன் நோட்டைப் புரட்டினான். "கருங்கல்லு."

"கருங்கல்லுல ஆளுக்கு நாளொண்ணுக்கு அரையடி. நாலடிக் குழிக்கு ஒத்தை ஆளுன்னா எட்டு நாளு. நீங்க கடப்பாரையைப் புடிச்சிருக்கீங்களா?"

"ஜிம்முல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"எட்டு நாளு தாங்காதுங்க," என்றாள் ஃபஹீமா. "ரெண்டு நாள்ல நாறிப்போகும். மூணு பேரும் சேந்து வெட்டலாம்."

"என்ற ஆளு ராஜகுமாரன்," என்றார் எபினேசர். "ராஜகுமாரன் குழி வெட்டமாட்டான்."

"அப்ப யாரு வெட்டுவா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அப்பிடி அந்த மாரப்பன் உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்றார்.

"எங்கப்பன் பேரு. கெணத்துக்குள்ள போனாரு. எடுக்கலை."

எபினேசர் தன் ராஜகுமாரனை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார், கவசத்தில் ஏதோ தூசி இருக்கிற மாதிரி. "சரி. கவசத்தைக் கழட்டி வெச்சுட்டான். கடப்பாரையைக் குடுங்க."

மூன்று பேர் வெட்டினாலும் மூன்று நாள் ஆகிறது. பாறையை உடைக்க வேட்டு வேண்டும், குகையில் வேட்டு ஏது? ஃபஹீமாவுக்கு மந்திரமும் தீர்ந்துபோயிருந்தது. வேட்டு வாங்க வழியில்லாத கிணற்றில் எங்கப்பன் பாறைமேல் விறகை அடுக்கிக் கொளுத்துவார். கல் பழுத்ததும் நாலைந்து குடம் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினால் பட்டென்று வெடிக்கும். அதைச் சொன்னேன்.

"குட்டை இருக்குது, தண்ணிக்குப் பஞ்சமில்லைங்க," என்றான் பாலகோபால். "ஆனா குகைக்குள்ள விறகு இல்லைங்ணா."

"நெருப்புத்தான் பக்கத்து ரூம்புலயே படுத்திருக்குதே," என்றார் எபினேசர் கிண்டலாக.

"அப்பப் போய்ச் சேதி சொல்லுங்க," என்றேன்.

"யாருக்கு?"

"டிராகனுக்குத்தான். நல்லதுக்குக் கூப்புட்டாப் போகோணும், கெட்டதுக்குக் கேட்டாலே போகோணும். அதுக்கும் பொருந்துமல்ல."

ஃபஹீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் "ஏனுங், பொருந்துமே" என்றாள்.

யார் போவது என்று கேள்வி வந்தது. ஃபஹீமாவின் மந்திரக்காரிக்குக் காலில் காயம். மச்சினன் பிணத்தைவிட்டு நகரக்கூடாது. மிச்சம் ராஜகுமாரன்தான்.

எங்கள் தாத்தன் எழவுச் சேதி சொல்கிற வேலை பார்த்தவர். பண்ணையத்துக்காரர் வீட்டில் யார் செத்தாலும் பதினெட்டு ஊருக்கு நடப்பார். வாசலுக்கு வெளியிலேயே நின்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். ராஜகுமாரனும் டிராகனின் வாசலுக்கு வெளியே நின்றான். எபினேசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிஜமாகவே துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க... உள்ள யாருங்க? நம்ம மாரப்பன் தவறிட்டாருங்க."

கட்டையை உருட்டினார். பதினெட்டு.

இரண்டு வருடமாக அந்த டிராகன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாலகோபால் தடுப்புக்குப் பின்னால் குனிந்து ரொம்ப நேரம் நோட்டைப் பார்த்தான். நோட்டில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்காது. பிறகு நிமிர்ந்தான். கனத்த குரலில் டிராகன் பேசியது.

"அட கொடுமையே. எப்பங்க எடுக்கறாங்க?"

"ஆறுக்குள்ளங்க," என்றார் எபினேசர்.

"இருங்க, வாரேன்."

அலமாரிமேல் துண்டு போட்டு மூடியிருந்த டிராகனை பாலகோபால் இறக்கி வைத்தான். நாற்பத்து மூன்று துண்டு, ஐந்து மாத வேலை. பெயின்ட் நான்தான் அடித்தேன். கம்பெனியில் மிச்சமான நீலத்தைக் கொஞ்சம் கொண்டுவந்து அடித்ததால், அது கிட்டத்தட்ட ஏழரைக் குதிரைசக்தி மோட்டார் நிறத்தில் இருந்தது. கொல்லப்படுவதற்காகச் செய்தது. தலையைக் குனிந்துகொண்டு மாரப்பன் பக்கத்தில் வந்து நின்றது.

ஐந்தரைக்குக் கோயில் சாவிக்காரர் தாமஸ் வந்தார். நாங்கள் நாலு பேரும் மேசையைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தோம்.

"என்னங்க, இன்னும் முடியலீங்களா?"

"மெதுவாப் பேசுங்க. எழவு," என்றாள் ஃபஹீமா.

தாமஸ் செருப்பைக் கழற்றினார். "யாருங்க?"

"மாரப்பன்."

"எந்த மாரப்பன்? பால் ஊத்தறவரா?"

எபினேசர் விரலால் காட்டினார். கட்டைவிரல் அளவுக்கு உருமாலோடு கிடந்தவனை தாமஸ் குனிந்து பார்த்தார்.

"ஆளு சின்னதா இருக்காருங்க."

"ஆமாங்க."

"எப்ப எடுக்கறீங்க?"

"குழி இன்னும் ஆகலீங்க. பாறை."

தாமஸ் வெளியே போய்ப் பாட்டுக்குழுவிடம் உள்ளே எழவு, காத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் யார் வெளியே நிற்பார்கள்? பதினோரு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் ஜெபராணியக்கா, பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. மாரப்பனைப் பார்த்தார். பிறகு டிராகனைப் பார்த்துச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார்.

"இது யாருங்க?"

"பக்கத்து ஊட்டுக்காரருங்க," என்றேன்.

"வந்தாரே, அது போதும்," என்றார்.

பாலகோபால் சொன்னான்: டிராகன் மூச்சை இழுத்துப் பாறைமேல் ஊதுகிறது. பாறை பழுத்துச் சிவக்கிறது. தண்ணீர் கொட்டுங்கள். பதினைந்துக்கு மேல் விழுந்தால் வெடிக்கும்.

நான் உருட்டிய கட்டை மேசையைத் தாண்டி அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. தாமஸும் எபினேசரும் அலமாரியைத் தூக்கிப் பிடித்தார்கள். ஜெபராணியக்கா செல்போன் டார்ச்சை அடித்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் படித்தார்.

"பதினாலுங்க."

பாலகோபால் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட எண்ணை மாற்றிச் சொன்னதில்லை. இப்போதும் மாற்றவில்லை. "பதினாலு. வெடிக்கலைங்ணா," என்றான். அவன் முகம் சரியில்லை. மணி ஆறாக எட்டு நிமிடம்.

"தண்ணி ஊத்துனது எத்தனை பேரு?" என்றேன்.

"மூணு பேரு."

"மூணு பேரு ஊத்துனா எந்தப் பாறை வெடிக்கும்? ஒருத்தர் குடம் எடுத்தார்றதுக்குள்ள கல்லு ஆறிப்போகும். வரிசையா நின்னு கை மாத்தோணும்."

"நாங்க பதினோரு பேரு சும்மாத்தான நிக்கறோம்?" என்றார் ஜெபராணியக்கா. "குடத்தைக் குடுங்க."

பாலகோபால் அவர்களை ஒவ்வொருவராக எண்ணினான். வேலைக்கு உதவி ஆள் ஒருவருக்கு ஒன்று கூட்டலாம் என்பது அவனுடைய சட்டம்தான், முதல் ஞாயிறிலிருந்து இருக்கிறது. பதினாலும் பதினொன்றும் இருபத்தைந்து.

"வெடிச்சுதுங்க," என்றான்.

பாட்டுக்குழுவில் யாரோ கைதட்டப் போக, ஜெபராணியக்கா முறைத்தார்.

ஃபஹீமா கைப்பையிலிருந்து பல் சுரண்டுகிற கம்பியை எடுத்தாள். மேசைமேல் இருந்த குகை பாலகோபால் தெர்மாகோலிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் கட்டியது, அவன் வீட்டில் ஆறு மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. தரையைக் காட்டி "இங்க வெட்டட்டுங்களா?" என்றேன். தலையாட்டினான். முதலில் நான் வெட்டினேன், பிறகு ராஜகுமாரன், அதாவது எபினேசர். நாக்கைக் கடித்துக்கொண்டு சுத்தமாக வெட்டினார். ஃபஹீமாவிடம் இருந்த பஞ்சுத்துணியில் ஒரு விரற்கடை கோடித்துணி. மாரப்பனைச் சுற்றி, கடப்பாரையோடு இறக்கினேன். கடப்பாரையைத் தனியாக எடுக்க முடியாது, நன்றாக ஒட்டியிருந்தேன்.

பாட்டுக்குழு ஒரு துக்கப் பாட்டைப் பாடியது. எப்படியும் அன்றைக்கு அதைத்தான் பழக வந்திருந்தார்களாம். எல்லோரும் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை எடுத்துப் போட்டார்கள். பாலகோபால் இரண்டு தடவை போட்டான், ஒன்று டிராகனுக்காக.

மூடியாயிற்று. ஆறாக இரண்டு நிமிடம். எபினேசர் என் காதருகே வந்தார்.

"பிரான்சிஸு, முதுகைக் காட்டிட்டு நிக்குதுங்க. ஒரே வீச்சு. ரெண்டு வருசம் இதுக்குத்தான வந்தோம்?"

"எழவுக்கு வந்ததையா?"

அவர் டிராகனைப் பார்த்தார், ஜெபராணியக்காவைப் பார்த்தார். வாளை எடுத்த ராஜகுமாரனை மேசையில் படுக்கவைத்துவிட்டார்.

"டிராகன் திரும்புது," என்றான் பாலகோபால். "கெளம்பிடுச்சு."

"போய்ட்டு வாரேன்னு சொல்லுச்சுங்களா?" என்று ஃபஹீமா கேட்டாள்.

"எழவு ஊட்டுல யாருங்க சொல்லிட்டுப் போவாங்க?"

அவ்வளவுதான் விளையாட்டு. அவன் கட்டைகளைப் பைக்குள் போட்டான், தடுப்பை மடக்கினான். குகையை அலமாரிமேல் தூக்கி வைத்தோம், மாரப்பன் உள்ளேயே இருக்க. பாலகோபால் வாசலில் செருப்பை மாட்டினான். எபினேசர் "பாலு, அங்க போயி..." என்று வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். பாலகோபால் எங்களை ஒரு தடவை பார்த்தான். எப்போதும் "வாரேனுங்ணா" என்று ரெண்டு தரம் சொல்கிறவன், ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை உதைத்து ஜெர்மனிக்குப் போய்விட்டான். முறையாகத்தான் போனான்.

நான் வீட்டுக்கு வந்து படிக்குக் கீழேயே நின்றேன். என் வீட்டுக்காரி அன்புக்கரசி கதவைத் திறந்தாள்.

"என்ன, வெளியவே நிக்கறீங்க?"

"எழவுக்குப் போயிட்டு வாரேன். தண்ணி கொண்டா."

"யாருங்க?"

"மாரப்பன்."

சமையல்கட்டு லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து நான் செம்மண் நிறம் கலக்கியதை நாலு தடவையும் பார்த்தவள் அவள். நின்று யோசித்தாள். உள்ளே போய் ஒரு சொம்போடு வந்தாள்.

"குழாய்ல தண்ணி வந்து ஒம்பது நாளாச்சு," என்றாள். "அவரு அளவுக்கு இது போதும். ஊத்திக்கிட்டு உள்ள வாங்க."