தாழ்ப்பாள் இல்லாத கதவு

காப்பர் ஃபோர்க் என்ற சுரங்க ஊரில் கல்லறை தோண்டுவது ஏப்ரலில்தான். நவம்பர் முதல் மண் உறைந்து இரும்பாகக் கிடக்கும். இடையில் சாகிறவர்கள் ஹார்யு மதுக்கடையின் நிலவறையில் காத்திருப்பார்கள். மேலே பீர், கீழே பிணம். ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றியதில்லை.

அந்த நிலவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கடையைக் கட்டிய முதலாளி ஒன்று போட்டிருந்தான். ஒரு ஏப்ரலில் திறந்து பார்த்தால், செத்துவிட்டான் என்று எல்லோரும் அழுது முடித்த சுரங்கக்காரன் ஒருவன் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவன் விரல் நகங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றே தாழ்ப்பாளைப் பிடுங்கினார்கள். சவப்பெட்டி மூடியில் ஆணி அடிப்பதையும் ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார்கள். கடை நடத்துகிறவர் தினமும் காலையில் கதவை மூன்று முறை தட்டி, காது வைத்துக் கேட்க வேண்டும் என்றும் ஆயிற்று.

இப்போது கடையை நடத்தும் இம்பி பதினான்கு வருடமாகத் தட்டினாள். ஒரு நாளும் பதில் வந்ததில்லை.

அந்தப் பிப்ரவரியில் அவள் புருஷன் தொய்வோ குடித்துவிட்டுப் பனியில் விழுந்து விறைத்துப் போனான். பெட்டியில் வைத்துக் கீழே இறக்கினார்கள். இம்பி அழவில்லை. அவன் ஒடித்த இரண்டு விரல்கள் அவளுக்கு இன்னும் மடங்கவில்லை. மறுநாள் மாலை லெம்பியும் வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயதுத் தையல்காரி, காய்ச்சலில் தூக்கத்திலேயே போய்விட்டாள். இம்பியின் விரல்களுக்குக் கட்டுப் போட்டவள் அவள்தான். அவளுக்காக இம்பி வாய்விட்டு அழுதாள்.

காலையில் வழக்கம்போலக் கதவைத் தட்டினாள். உள்ளிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

பாவி, செத்தும் விடமாட்டேன் என்கிறானே தொய்வோ என்றுதான் இம்பிக்குத் தோன்றியது. உப்பு மீன் பீப்பாயை உருட்டி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

பகலில் கடை நிறைந்தது. எல்லாம் வெடிச் சத்தத்தில் காது போன சுரங்கத்து ஆட்கள், கத்தித்தான் பேசுவார்கள். பீப்பாயை ஒட்டி லெம்பியின் அண்ணன் எய்னோ உட்கார்ந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டது இம்பிக்கு மட்டும்தான்.

"என்னக்கா, பீப்பாய் இங்க வந்துருச்சு?" என்றான்.

"குளிர் காத்து வருதுடா."

"தொய்வோ மேல ஏறி வந்து ஓசியில குடிப்பான்னு பயம்," என்றான் மாத்தி என்ற கிழவன். மேசையே சிரித்தது.

எய்னோ சிரிக்கவில்லை. "நீ தினமும் தட்டுற பாரு, அதனாலதான் எனக்குத் தூக்கம் வருதுக்கா."

இம்பி குவளை கழுவப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சத்தம் நின்றது. அன்று அவள் நன்றாகத் தூங்கினாள். அதன் பிறகு அந்தக் கதவைத் தட்டவே இல்லை. நல்லவேளை, அந்தக் குளிர்காலத்தில் ஊரில் வேறெந்தச் சாவும் விழவில்லை.

ஏப்ரலில் மண் இளகியது. ஆட்கள் பீப்பாயை நகர்த்தினார்கள். தொய்வோவைப் பார்க்க மனதைக் கல்லாக்கிக்கொண்டு இம்பி விளக்கோடு முன்னால் நின்றாள்.

கதவைத் திறந்ததும் மேல்படியில் சாய்ந்திருந்த உடம்பு சரிந்து அவள் காலில் விழுந்தது. நீலப் பாவாடை, நீளமான பின்னல். கீழே தொய்வோவின் பெட்டி மூடியது மூடியபடி இருந்தது.

எய்னோ தங்கையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"எங்க காதுதான் செத்துப்போச்சு. உனக்கு நல்லாக் கேக்குமேக்கா. ஒரு நாளாவது ஏதாவது கேட்டுச்சா?"

இம்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தினமும் தட்டுனேன்டா," என்றாள். "பதிலே வரல."