வைரக்கண்ணு வண்டியின் சைலன்சர் போல்ட்

எங்கள் குடவாசல் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்திலேயே அவர் வேலை பார்க்கும் ஊரையும் அச்சடித்துவிடுவார்கள். துபாய், ரியாத், சிங்கப்பூர். என் வீட்டுக்காரர் அஹமது கபீர் பெயருக்குப் பக்கத்தில் 'மெக்கானிக், மஸ்கட்' என்று இருந்தது. 'மெக்கானிக்' என்பதை மாமனார் சொல்லிச் சேர்த்தாராம். பத்து வருஷமாக நானும் அதையே ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று மனிதர் திரும்பி வந்தார். இனிமேல் போகவில்லை, வாசல் கொட்டகையிலேயே ஒர்க்‌ஷாப் போடுகிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் ஏஜென்ட் உபைதுல்லா விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். ஓமனிலேயே சலாலா என்ற ஊரில் ஒரு வேலை காலி, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இவரோ "பாப்போம், பாப்போம்" என்று இழுத்தார். முதல் வண்டி எப்படிப் போகிறதென்று பார்த்துவிட்டுத்தான் முடிவாம்.

அந்த முதல் வண்டி வியாழக்கிழமை காலையில்தான் வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அஞ்சு மா நிலம் குத்தகைக்கு எடுத்துக் குறுவை நடுகிற வைரக்கண்ணு அண்ணனுடைய பைக். சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் புகை கக்கிக்கொண்டு, தெருவே அதிரும்படி கத்திக்கொண்டு வந்து நின்றது.

"பாய், மஸ்கட்ல பெரிய பெரிய லாரியெல்லாம் பாத்தவுங்க. இதெல்லாம் உங்களுக்கு ஒரு வேலையா? சாயங்காலம் வர்றேன். நாளைக்கு வயலுக்கு என் முறைத்தண்ணி வருது, வண்டி இல்லாம எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

சைலன்சரை எஞ்சினோடு பிடித்திருப்பது இரண்டே இரண்டு போல்ட். ஒரு முனை எஞ்சினுக்குள் முறுக்கி இறங்கியிருக்கும், மறு முனையில் நட்டு. ஸ்டட் என்பார்கள். ஒரு நட்டு ஒழுங்காகக் கழன்றது. இரண்டாவதில் ஸ்பேனரைப் போட்டு இவர் ஓர் இழுப்பு இழுத்தார். உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த எனக்கே 'டக்' என்று கேட்டது. நட்டோடு பாதி ஸ்டட் கையில் வந்துவிட்டது. மீதி எஞ்சினில் மாட்டிக்கொண்டு, நகம் அளவுதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தால், மனிதர் தரையில் உட்கார்ந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடஞ்சா என்ன மச்சான்? இது மாதிரி நூறு பாத்திருப்பீங்களே" என்றேன்.

"பாத்திருக்கேன். பாக்க மட்டுந்தான் செஞ்சிருக்கேன் ஷமீரா." அவர் தலை நிமிரவில்லை. "அங்க எனக்கு வண்டி கழுவுற வேலை. பன்னெண்டு வருஷமும் அதான். ஸ்பேனரத் தொடவே விடமாட்டாங்க. அத்தா பத்திரிகையில போட்டுட்டாரு. அப்ப நான் மறுத்துச் சொல்லல, அப்பறம் சொல்ல வாய் வரல. உபைதுல்லா அண்ணன்ட்ட வர்றேன்னு சொல்லிர்றேன். இது எனக்கு ஆவாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலை வீசாமல் விட்டதே பெரிசு.

"வண்டி கழுவுனதுக்கா கோவப்படுறேன்? அந்தச் சம்பளத்துலதான் இந்த வீட்ல ஒல கொதிச்சிச்சு. என்கிட்டயாவது சொல்லக்கூடாதா? தெனமும் போன்ல பேசுனேனே, அப்பல்லாம் இத மனசுல வச்சிக்கிட்டா பேசுனீங்க?"

பத்து வருஷம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்று நினைத்ததும் என் கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் அதட்டினேன்.

"சரி, பன்னெண்டு வருஷம் பாத்தீங்கல்ல? அங்க ஒடஞ்சா என்ன செய்வாங்க, சொல்லுங்க."

கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்த்தார். "மொதல்ல நல்லா சூடு பண்ணுவாங்க. சுத்தியிருக்கிறது அலுமினியம், சூட்டுல விரியும். இரும்பு அவ்வளவு விரியாது. அப்ப மெழுகுவர்த்திய வச்சா உருகி மரைக்குள்ள எறங்கி வழுக்கிவிடும்."

"நம்மள்ட்ட சூடு பண்ண என்ன இருக்கு?"

"எஞ்சினே சூடாகுமே" என்றார். சொல்லும்போதே எழுந்துவிட்டார்.

அரத்தை எடுத்து, நீட்டிக்கொண்டிருந்த துண்டின் இரண்டு பக்கத்தையும் தட்டையாகத் தேய்த்தார். சின்ன ஸ்பேனர் நழுவாமல் பிடிக்க அவ்வளவு போதும். பிறகு சைலன்சரே இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் செய்தார். பக்கத்து வீட்டு அம்சம் அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னடி, வாசல்ல ஹெலிகாப்டரா எறங்குது?"

ஐந்து நிமிஷம் கழித்து வண்டியை நிறுத்தி, கரண்ட் போனால் ஏற்றுவதற்கு வைத்திருந்த மெழுகுவர்த்தியை, துண்டு எஞ்சினுக்குள் இறங்கும் இடத்தில் வைத்தார். உருகி உள்ளே போனது. ஸ்பேனரை மாட்டி, முன்பு இழுத்த மாதிரியே பலமாக இழுக்கப் போனார். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அய்ய, இழுக்காதீங்க. மொதல்ல இறுக்குற பக்கம் லேசா, அப்பறம் கழட்டுற பக்கம் லேசா. என் மிஷின்ல ஸ்க்ரூ மாட்டிக்கிட்டா அப்படித்தான் எடுப்பேன்."

அசையவில்லை. மறுபடியும் ஸ்டார்ட், மறுபடியும் மெழுகு. அம்சம் அக்கா காதைப் பொத்திக்கொண்டாளே தவிர, இடத்தை விட்டு நகரவில்லை. மூன்றாவது தடவை ஸ்பேனர் ஒரு நெல்மணி அகலம் திரும்பியது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே திரும்பியது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று கால் மணி நேரம். கடைசியில் அது அவர் உள்ளங்கையில் விழுந்தது. சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டே சிரித்தார். ஊருக்கு வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய்ப் புது ஸ்டட்டும், இடையில் வைக்கிற கேஸ்கெட்டும் வாங்கி வந்து மாட்டினார்.

சாயங்காலம் வைரக்கண்ணு அண்ணன் வந்து உதைத்ததும் வண்டி அடக்கமாக உறுமியது.

"மஸ்கட் கைன்னா சும்மாவா?" என்றார், வாசலில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி.

பேசாமல் இருங்கள் என்று நான் இவருக்குக் கண்ணைக் காட்டினேன். பொய் சொல்லவேண்டியதுகூட இல்லை, சிரித்துவிட்டு நின்றாலே போதும். இவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"அண்ணே, அங்க நான் மெக்கானிக் இல்ல. வண்டி கழுவுறவன். இந்த வேலைய இன்னிக்குத்தான் மொதமொதல்ல செஞ்சேன். போல்ட்ட ஒடச்சிட்டேன், அப்பறம் நானும் ஷமீராவும் சேந்து எடுத்தோம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் இவர். "வயல்லேருந்து வந்ததும் சூட்டோட வண்டிய வாய்க்கால்ல எறக்கிக் கழுவுறீங்க. சரியா?"

"யாரு சொன்னா?"

"அந்தத் துருவப் பாத்தாலே தெரியுது. அரமணி நேரமாவது ஆறவிட்டுத்தான் கழுவணும். இல்லாட்டி புது போல்ட்டும் இப்படித்தான் போவும். கழுவுற வேலை எனக்குத் தெரியும்ண்ணே."

வைரக்கண்ணு அண்ணன் சைலன்சரைக் குனிந்து பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"இருவது வருஷமா வண்டி வச்சிருக்கேன் பாய். எத்தன மெக்கானிக்கிட்ட போயிருப்பேன், ஒருத்தனும் இதச் சொல்லல. எம் மச்சான் குணசேகரனும் இப்படித்தான் கழுவுறான். காலையில அவனையும் வரச்சொல்றேன், அவனுக்கும் நல்லா ரெண்டு போடு போடுங்க."

அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் உபைதுல்லாவின் போன் வந்துவிட்டது. இவர் கையெல்லாம் கிரீஸ். நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வரலண்ணே."

"அங்க இருந்துக்கிட்டு என்னய்யா செய்யப்போற?"

"வேலை கத்துக்கறேன்."

"நாப்பத்திரண்டு வயசுலயா?"

"ஆமாண்ணே. இன்னிக்குத்தான் சேந்தேன்."

போனை அணைத்துவிட்டு நான் அழுதேன். அம்சம் அக்கா பார்க்கிறாளே என்றுகூடத் தோன்றவில்லை.