ஆளில்லாத ஒழுங்கை

1

இதை நான் கதையாக எழுதத் தொடங்கவில்லை. போன மாதம், அதாவது 1948 ஆவணியில், எங்கள் சைக்கிள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். “யாழ்ப்பாணத்தில் மோட்டார் தொந்தரவில்லாத அழகிய சைக்கிள் பாதைகள்” என்று தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள். தூரம், நிழல், குடிதண்ணீர்க் கிணறு, கடிக்கிற நாய் இருக்கிறதா இல்லையா, இவ்வளவும் இருந்தால் போதுமாம்.

இரண்டு பாதைகளை ஒழுங்காகத்தான் எழுதினேன். கொடிகாமத்திலிருந்து தென்னந்தோப்புகளுக்குள்ளால் கச்சாய்க் கடற்கரைக்கு ஒன்று. வல்லை வெளியில் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு போவது மற்றது. மூன்றாவது, இணுவிலிலிருந்து சண்டிலிப்பாய்க்கு வேலிகளுக்கு நடுவால் போகும் ஒடுங்கிய மண் ஒழுங்கை. “நிழல் உண்டு, நாய் இல்லை” என்று எழுதிய கையோடு கட்டுரை என் பிடியை விட்டுப் போய்விட்டது. அந்த ஒழுங்கையை எனக்குக் காட்டியவர் என் சின்னம்மா நாகேஸ்வரி. அதில் அவருக்கு நடந்ததைச் சொல்லாமல் நிழலைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

எழுதியதைச் சின்னம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. தாள்கள் சிவப்புப் பென்சில் குறிப்புகளோடு திரும்பி வந்தன. அவற்றை அழிக்காமல் அடைப்புக்குள் விட்டிருக்கிறேன். அழித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

2

முதல் தொடக்கம்: “காலைக் கதிரவன் தன் பொற்கிரணங்களை அள்ளி வீச, செம்மண் ஒழுங்கையின் இருமருங்கும் பனைகள் கவரி—”

(சிவப்புப் பென்சில்: நிப்பாட்டினது நல்லது.)

இரண்டாம் தொடக்கம்: “நாகேஸ்வரி புரட்சிப் பெண், சிறுவயது முதலே அவள் நெஞ்சில்—”

(சிறுவயது முதலே எனக்குச் சைக்கிளைக் கண்டால் பயம்.)

ஆகவே மூன்றாவது. அழகில்லை, ஆனால் உண்மை: யுத்தம் வந்தது, பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. காலையில் மூன்று தரம் ஓடிய பஸ் ஒரு தரமாகியது. அந்த ஒன்றும் மனம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அது 1943. சின்னம்மாவுக்கு இருபத்தாறு வயது. வீடு இணுவிலில், பள்ளிக்கூடம் சண்டிலிப்பாயில். எட்டு மணிக்கு மணி அடித்துவிடும்.

மாசி மாதத்தில் இரண்டாவது முறையாகப் பிந்திப் போனபோது பள்ளிக்கூட மனேச்சர் தியாகராசா அவரைக் கூப்பிட்டார். தலைப்பாகை, சால்வை, தங்கச் சங்கிலிக் கடிகாரம் என்று எந்த நேரமும் படம் பிடிக்க ஆயத்தமாக நிற்பவர் போன்ற மனிதர்.

“ரீச்சர், மூண்டாந்தரமும் பிந்தினால் நான் வேறை ஆளைப் பாக்கவேண்டி வரும்.”

“பஸ் வந்தால்தானே ஐயா நான் வாறது?”

“அது பஸ்சிட்டைக் கேக்கவேண்டிய கேள்வி.”

சின்னம்மா அழவில்லை. (அழுதனான். வீட்டை வந்து.)

3

சித்தப்பா தம்பிஐயாவுக்குப் பக்கத்துப் புகையிரத நிலையத்தில் வேலை. மெதுவாகக் கதைப்பார், மெதுவாக நடப்பார். ஆனால் அந்தக் கிழமை ஒரு நாள் மாலை, நடுவில் பார் இல்லாத பெண்கள் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரைசானி ஒருவர் விற்றுவிட்டுப் போனது.

“இஞ்சருங்கோ, உதென்ன?” என்றார் சின்னம்மா.

“உம்முடைய பஸ்.”

“விசரே? பொம்பிளை சைக்கிள் ஓடினால் சனம் என்ன சொல்லும்?”

“சனம் இல்லாத பாதையாப் பாப்பம்.”

இரண்டு ஞாயிறுகள் சித்தப்பா ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து திரிந்தார். எந்த வீட்டுப் படலை ஒழுங்கையைப் பார்த்து இருக்கிறது, எந்த மூலையில் ஆட்கள் கூடி நிற்பார்கள் என்றெல்லாம் பார்த்து, கடைசியில் ஒரு பாதையைப் பிடித்தார். வீட்டுக்குப் பின்னால் தொடங்கி, இருபுறமும் கிடுகு வேலி உயர்ந்த ஒழுங்கைகளுக்குள்ளால் போய், புகையிலைத் தோட்டங்களைக் கடந்து, வேப்பமரத்தின் கீழ் வைரவர் சூலம் நிற்கும் முடக்கில் திரும்பி, வயல்வெளி ஒன்றை ஊடறுத்துப் பள்ளிக்கூடத்தின் பின்வேலியில் முடியும் பாதை. பெரிய றோட்டால் போனால் இருபத்தைந்து நிமிடம், இதால் முப்பத்தைந்து. பத்து நிமிடத்தைக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றலாம் என்பது சித்தப்பாவின் கணக்கு.

ஒரு கிழமை பழகியதில் சின்னம்மா பதினொரு தரம் விழுந்தார். (ஒன்பது.)

பன்னிரண்டாம் தரம், அல்லது பத்தாம் தரம், சித்தப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார் என்ற நம்பிக்கையில் வயல்வெளி முழுவதையும் கடந்தார். வேகம் கூடக் கூடப் புகையிலைப் பச்சை வாசம் மாறி வைக்கோல் வாசம் வந்தது. சேலைத் தலைப்பு காற்றில் படபடத்தது. “விட்டிடாதையுங்கோ” என்று கத்தினார். பதில் வரவில்லை. வெளியின் மறுகரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், சித்தப்பா அந்தக் கரையிலேயே நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

(இந்த இடம் சரி. இதிலை கை வைக்காதே.)

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மூன்று கிழமை, ஒவ்வொரு நாளும் ஏழு பதினைந்துக்குப் புறப்பட்டு எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கப் பள்ளிக்கூடத்துப் பின்வேலியில் இறங்கினார். சைக்கிளை ஒரு பூவரச மரத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டு, பஸ்ஸில் வந்தவர் போல முன்வாசலால் நுழைவார். மூன்று கிழமையும் எதிரில் ஒரு மாட்டுவண்டில் வரவில்லை. ஒரு மனிதர் வரவில்லை. சித்தப்பாவின் கெட்டித்தனத்தை நினைத்துச் சின்னம்மா பெருமைப்பட்டார்.

4

இனி வருகிறவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கதைக்கு வசதியாக நான் செய்துகொண்ட ஆள் போலவே இருக்கிறார். இரண்டு தரம் வெட்டிவிட்டு இரண்டு தரமும் திரும்பச் சேர்த்தேன்.

அவர் பெயர் மார்க்கண்டு. புகையிலைத் தோட்டக்காரர். எங்கள் பக்கத்தில் கிணற்றிலிருந்து இறைப்பதென்றால் ஒருவர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்கவேண்டும். நடக்க நடக்கத் துலா தாழ்ந்து உயரும், கீழே ஓலைப் பட்டையில் தண்ணீர் வரும். சித்தப்பா வேலிகளின் உயரத்தைப் பார்த்தார். படலைகளைப் பார்த்தார். வேலிக்கு மேலால், ஆகாயத்தில் நடந்துகொண்டு ஒருவர் பார்ப்பார் என்பதை நினைக்கவில்லை.

முதல் நாளே மார்க்கண்டு கண்டுவிட்டார். இறைப்பைப் பாட்டாக எண்ணிக்கொண்டிருந்தவர் நாற்பத்தொன்றில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு நாற்பத்திரண்டைத் தொடர்ந்தார். சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு பறந்தார். அன்று முழுக்க ஊர் என்ன கதைக்கிறது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஊரில் ஒரு கதையும் எழும்பவில்லை. நல்ல மனிதர், வாய் திறக்காதவர் என்று எண்ணிக்கொண்டார்.

(வெட்டாதே. அந்த மனிசன் இல்லாட்டில் கதையே இல்லை.)

5

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை. கல்விப் பரிசோதகர் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருவதாக அறிவித்திருந்தார். சின்னம்மா வழக்கமான நேரத்துக்குத்தான் புறப்பட்டார். வைரவர் முடக்கை நெருங்கும்போது மணியையும் அடித்தார். அடித்த மணிக்குப் பதிலாக முடக்குக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

“விலகு! விலகு! பிறேக்கு எதெண்டு தெரியேல்லை!”

சின்னம்மா வேலியோரம் ஒதுங்கினார். தலைப்பாகையும் சால்வையுமாக ஓர் உருவம் சைக்கிளில் அவரைக் கடந்து, வேலி பிரிந்து கிடந்த பொட்டுக்குள்ளால் மார்க்கண்டுவின் தோட்டத்தில் புகுந்து, நெஞ்சளவு புகையிலைக்குள் மறைந்தது. தலைப்பாகை மட்டும் ஒழுங்கையில் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு போனார்.

“ஆரது?” என்றது புகையிலைக்குள்ளிருந்து குரல்.

“நான் நாகேஸ்வரி ரீச்சர்.”

எழும்பப் பார்த்த முனகல் ஒன்று கேட்டது. பிறகு, “இஞ்சை நில்லாதையும். போம்.”

“வேட்டி சங்கிலியிலை மாட்டியிருக்கு ஐயா. நான் போனால் நீங்கள் எழும்ப ஏலாது.”

மனேச்சர் தியாகராசாதான். பெற்றோல் இல்லாமல் அவருடைய கார் கொட்டிலுக்குள் சாக்கு மூடிக் கிடந்தது. ஐம்பத்தாறு வயதில் சைக்கிள் பழகுவதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்டால் சிரிப்பார்கள் என்று, விடிந்ததும் இந்த ஒழுங்கையில் ஓடிப் பழகி, ஆறரைக்கு முன் வீட்டுக்குப் போய்விடுவாராம். அன்று பரிசோதகருக்காக முகச்சவரம் செய்யவேண்டியிருந்ததில் பிந்திவிட்டார்.

“நான் பெடலைப் பின்பக்கமாச் சுத்துறன். நீங்கள் மெல்ல இழுங்கோ.”

“கிழிஞ்சிடும்.”

“கிழியாது. இழுங்கோ ஐயா.”

கிழியவில்லை. கரிய எண்ணெய்ப் பட்டை ஒன்றோடு வேட்டி வெளியே வந்தது. மனேச்சர் எழுந்து தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகுதான் சின்னம்மாவின் சைக்கிளைப் பார்த்தார். சேலையை இடுப்பில் செருகியிருந்த விதத்தைப் பார்த்தார்.

“ரீச்சர், நான் உம்மைக் காணேல்லை. நீரும் என்னைக் காணேல்லை. சரியோ?”

இந்த இடத்தில் நான் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். சின்னம்மா நிமிர்ந்து நின்று, பெண்ணுக்கும் பாதைக்கும் உள்ள உரிமையைப் பற்றி—

(நான் அப்பிடியொண்டும் கதைக்கேல்லை. “ஓம் ஐயா” எண்டுதான் சொன்னனான். வேலை போகாது எண்டு நிம்மதியாயிருந்தது.)

“ஓம் ஐயா,” என்றார் சின்னம்மா.

அப்போது மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மார்க்கண்டு துலாவில் ஏறி நின்றபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இறங்கி வந்து, விழுந்த புகையிலைக் கன்றுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

“குறை நினையாதையுங்கோ ஐயா. காணாத ஆக்கள் எண்டு இந்தப் பக்கம் ஒருத்தரும் இல்லை.”

“என்ன சொல்லுறாய்?”

“விடியக் காலமை உங்கடை நேரம். ஏழேகாலிலையிருந்து எட்டு மட்டும் ரீச்சரின்ரை நேரம். அந்த நேரம் நாங்கள் வண்டில் கட்டிறேல்லை. குருநகர் மீன்காரர் நீக்கிலாப்பிள்ளை கூடச் சுத்துப் பாதையாலைதான் போறவர். இண்டைக்கு உங்கடை நேரம் ரெண்டும் ஒண்டிலை ஒண்டு முட்டிப்போச்சு.”

“ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டார் சின்னம்மா.

“சொன்னால் வெக்கத்திலை விட்டிடுவியள். பிறகு பஸ்சைப் பாத்துக்கொண்டு நிப்பியள். என்ரை பெட்டை உங்கடை வகுப்பிலைதான் படிக்கிறாள்.”

சின்னம்மாவுக்கு முகம் சுட்டது. மூன்று கிழமையாகத் தான் ஓடிவந்தது ஆளில்லாத ஒழுங்கை அல்ல. ஆட்கள் படலைக்குப் பின்னால் வண்டிலோடும் கூடையோடும் பொறுத்து நின்ற ஒழுங்கை. வெட்கம் ஒரு நிமிடம் இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்க அடக்கக் கூடியது. மனேச்சர் முறைத்துப் பார்த்தார். அப்படிப் பார்த்தபடியே அவருக்கும் வாய் கோணி, சால்வையால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

“நேரம் என்ன ஐயா?”

மனேச்சர் கடிகாரத்தை எடுத்தார். ஏழு நாற்பத்தாறு.

“இதாலை போனால் பரிசோதகர் வந்து எங்களைப் பாத்துக்கொண்டு நிப்பார்,” என்றார் சின்னம்மா. “மேற்காலை திரும்பினால் ரெண்டு நிமிசத்திலை பெரிய றோட்டு. அதாலை போவம்.”

“சந்தைக்கு முன்னாலையோ?”

“வேறை வழி இல்லை ஐயா.”

மனேச்சர் எண்ணெய்ப் பட்டை உள்ளே போகும்படி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். “சரி, வாரும்,” என்றார்.

6

இருவரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பரிசோதகர் குறையாக ஒன்றும் எழுதவில்லை. சின்னம்மா இன்றுவரை பெரிய றோட்டால்தான் போய்வருகிறார். போன வருடம் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் சேர்ந்துகொண்டார்கள். தோட்டக்காரர்கள் நினைத்த நேரத்துக்கு வண்டில் கட்டுகிறார்கள். அதனால் நீங்கள் அந்த ஒழுங்கையில் சைக்கிள் ஓடப் போனால், ஏழேகாலுக்கும் எட்டுக்கும் இடையில் மணியை விடாமல் அடியுங்கள்.

ஆனால் அந்தப் பெரிய றோட்டுக் காட்சியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. சந்தையடியில் றோட்டு ஒடுங்கியது. மனேச்சர் அப்போது ஓடிய விதத்துக்கு அவருக்கு முழு றோட்டும் தேவை. இருவரும் சமமாகப் போயிருக்க முடியாது, ஒருவர் முன்னால் போயிருக்கவேண்டும்.

முதல் முடிவில் சின்னம்மாவை முன்னால் விட்டேன்: “அவளைக் கண்டதும் சந்தை முழுவதும் மௌனமாகியது.” (சந்தை ஒருக்காலும் மௌனமாகாது.)

இரண்டாம் முடிவில் மனேச்சரை முன்னால் விட்டு, மரக்கறிக் கடைக்குள் விழுத்தினேன். (விழேல்லை. அந்த மனிசனுக்கு அநியாயம் செய்யாதே.)

அப்படியென்றால் யார் முன்னால் போனது என்று சின்னம்மாவிடமே கேட்டேன். “அவர்தான். மனேச்சர் போற பின்னாலை ரீச்சர் போனால் சனத்துக்கு வாய் எழும்பாதெண்டு யோசிச்சு முன்னாலை போனவர்.”

மனேச்சர் இப்போது ஓய்வாக வீட்டில் இருக்கிறார். போன கிழமை அவரிடமும் போய்க் கேட்டேன். “ஆர் சொன்னது? ரீச்சர்தான் முன்னாலை. நான் அவவின்ரை பின் சில்லை விட்டுக் கண்ணெடுக்காமல் ஓடினபடியால்தான் விழாமல் தப்பினனான்.”

இரண்டு தரம் திரும்பக் கேட்டும் இருவரும் மாறவில்லை. ஒருவர் மற்றவருக்குக் கொடுத்துவிட்டதை நான் யாரிடமிருந்து பிடுங்குவது?

ஆகவே அவர்களை ஒழுங்கை முடிந்து பெரிய றோட்டு தொடங்குகிற இடத்திலேயே விட்டிருக்கிறேன். இருவரும் ஒரு கால் நிலத்திலும் ஒரு கால் பெடலிலுமாக நிற்கிறார்கள். சந்தை இரைச்சல் கேட்கிறது. “நீர் போம்” என்கிறார் அவர். “நீங்கள் போங்கோ ஐயா” என்கிறார் இவர். யாரை முன்னால் விடுவது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கெதியாகச் சொல்லுங்கள். எட்டு மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கிறது.